ஏலத்துக்கு வந்த கிளவுஸ்

ஏலம் விட்டுக்கொண்டிருந்த பால்ராஜ் சார் மேசைக்கடியில் குனிந்து அடுத்த பொருளை எடுத்தபோது, நான் பந்தலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து என் மாமியாருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு சேவல் போயிருந்தது. அதற்கும் முன்னால் ஒரு பூசணிக்காய். இரண்டுக்கும் நல்ல போட்டி.

அவர் நிமிர்ந்தபோது கையில் ஒரு ஜோடி கிளவுஸ் இருந்தது. கால்பந்தில் கோல் கீப்பர்கள் போடுகிற தடித்த கிளவுஸ். பச்சையும் கறுப்பும். இடது கையின் மணிக்கட்டுப் பட்டை கிழிந்து நீல நூலால் தைத்திருந்தது. வீட்டில் பச்சை நூல் தீர்ந்துபோனதால் நீல நூலில் தைத்தவள் நான்தான்.

"கையுறை ஒரு ஜோடி," என்றார் மைக்கில். யாருடையது என்று சொல்லவில்லை. போன வருஷம் இதே கிளவுஸுக்கு, இதே மேசைக்குப் பின்னால் நின்று, ஒரு சின்னப் பிரசங்கமே செய்தவர் அவர்.

பந்தலில் யாரும் விலை கேட்கவில்லை. சமையல் பக்கமிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது. எனக்கு விசிறிய கை நின்றுவிட்டது.

பாளையங்கோட்டைப் பக்கம் வராதவர்களுக்கு இந்த ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேவாலயத்தை நாங்கள் கோவில் என்போம்; எங்கள் கோவிலில் வருஷத்துக்கொரு முறை அறுப்பின் பண்டிகை வரும். ஒவ்வொரு குடும்பமும் தன் உழைப்பில் விளைந்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காணிக்கையாக வைக்கும். வயல்காரர் நெல், தோட்டக்காரர் வாழைத்தார், வேலைக்குப் போகிறவர்கள் கடையில் வாங்கிய கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். பொருளின் மதிப்புக்கு யாரும் கேட்பதில்லை. கோவிலுக்குத்தானே என்று ஏற்றிக் கேட்பார்கள், அதில் ஒரு பெருமை. எடுத்த பொருளைத் திரும்பவும் கோவிலுக்கே கொடுத்து மறு ஏலம் விடச் சொல்கிறவர்களும் உண்டு. கடைசியில் அசனம், அதாவது ஊருக்கே சாப்பாடு. சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் வந்து உட்காருவார்கள். அந்த ஒரு நாள் எனக்கு ரொம்பப் பிடித்த நாளாக இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே ஒரு சபை

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு டீக்கடை. சாயங்காலமானால் அங்கே பெஞ்சு போட்டு ஒரு கூட்டம் உட்காரும். கால்பந்து ரசிகர்கள். கூட்டத்துக்குத் தலைவர் ராபின்சன் அண்ணாச்சி. வண்ணார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், எங்கள் கோவில்தான். அவருக்கு எதிர்க்கட்சி சங்கரன். கோர்ட்டில் கிளார்க். நெற்றியில் திருநீறு கலையாமல் வந்து உட்கார்ந்து, ஐரோப்பாவில் எந்த அணி எந்த ஆட்டக்காரனை எடுக்கப்போகிறது என்பதை வாதி பிரதிவாதியாக இரண்டு பக்கமும் தானே பேசக்கூடியவர்.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நான் தினமும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து ரசம் வைத்தேன். ஆகையால் எனக்கும் எல்லாம் தெரியும். யாரை யார் வாங்குகிறார்கள், யாருக்கு மனைவி ஊர் பிடிக்காததால் பேச்சுவார்த்தை முறிந்தது, யார் விமானம் ஏறிவிட்டான், எல்லாம். ஒரு ஆட்டக்காரன் ஏறிய விமானம் எந்தக் கடலுக்கு மேல் பறக்கிறது என்று போனில் பார்த்து ராபின்சன் அண்ணாச்சி அறிவிப்பார். டீக்கடையிலிருந்து ஜங்ஷனுக்குப் போகிற டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருநாள் சங்கரன் ஒரு பிரேசில் ஆட்டக்காரனைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு முட்டுலயும் ஆபரேசன் பண்ணுனவன் வே அவன். அவனைப் போயி எடுக்கானுவளே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அதே வாரம்தான் என் வீட்டுக்காரர் தோள்பட்டை நழுவி, கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். அவரும் கால்பந்து ஆட்டக்காரர்தான். அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தார். பைக்கில் விழுந்தீரா என்று கேட்டார்களாம். பிரேசில்காரனின் முட்டு தெரிந்தவர்களுக்கு மாடிவீட்டுக்காரனின் தோள்பட்டை தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஒரு கரண்டி ரசத்தை ஜன்னல் வழியாக ஊற்றியிருப்பேன். அவர்தான் சிரித்துக்கொண்டு, விடு என்றார்.

சிரிக்கிற கீப்பர்

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பெண் பிள்ளை மைதானத்துக்கு எதற்கு என்று அம்மா முறைத்தாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கேலரியில் சுடுகிற சிமெண்டுப் படியில் துண்டை விரித்து உட்காரவைப்பார். அவித்த கடலை வாங்கித் தருவார். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான் ஜெபசிங்கை முதலில் பார்த்தேன். ஒல்லியாக, நீளமாக, இரண்டு கம்பங்களுக்கு நடுவே மூன்றாவது கம்பம் நட்டதுபோல நின்றார்.

அன்றைக்கு அவர் தடுத்த பந்துகள் எனக்கு நினைவில்லை. விட்ட பந்துதான் நினைவிருக்கிறது. வலையிலிருந்து பந்தை எடுத்து நடு மைதானத்துக்கு உதைத்துவிட்டு, சிரித்தார். எதிர் அணி ரசிகர்கள் ஓவென்று கத்தினார்கள். அப்பா மட்டும் கடலையை வாயில் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்து உள்ள போயிட்டு, இவன் சிரிக்கான் பாரு," என்றார். "உள்ளுக்குள்ள நல்லா அடிபட்டிருக்கான்."

பிறகு கல்யாணமாகி அந்தச் சிரிப்போடு குடித்தனம் நடத்துகிறபோது அப்பா சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ஜெபசிங் தன் தகப்பனார் இறந்த அன்று வந்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சிரித்தார். சில பேர் தப்பாகக்கூட நினைத்தார்கள்.

கீப்பர் வேலையே ஒரு சாபக்கேடு. கோல் போடுகிறவனைப் பற்றித்தான் டீக்கடையில் சண்டை வரும். கீப்பரை யாரும் பேசுவதில்லை, தப்பு செய்தாலொழிய. கேரளத்து அணி ஒன்றில் அவர் வருஷக்கணக்காக ஆடினார். ஜன்னலுக்குக் கீழே அவர் பெயரை நான் கேட்டதே இல்லை.

கூப்பிட்டாச்சு

ஒருநாள் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்று கேட்டேன்.

தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அவரைக் கொல்கத்தாவுக்கு அழைத்திருந்தார்கள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு வந்த அழைப்பு. நாலு கீப்பர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் மூன்று பேரை எடுப்பார்கள். ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எங்கள் ஊரில் அப்படியா எடுத்துக்கொள்வோம்? அவர் அம்மாவிடம் பையப் பைய விளக்கினார், இது முகாம்தான், அணி இல்லை என்று. அத்தை கேட்கவில்லை.

"கூப்புட்டாச்சுன்னா எடுத்த மாதிரிதாம்லே," என்றார். "ஆள அவ்ளோ தூரம் வரச்சொல்லிட்டு வேண்டாம்னா சொல்லுவாவ?"

கல்யாண வீட்டு நியாயம் அது. பந்திக்கு அழைத்துவிட்டு எழுப்பிவிடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அத்தை நேரே போய்ப் போதகரைப் பார்த்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயரவர்கள் என்போம். இந்தியாவுக்காக விளையாடப்போகிற ஜெபசிங் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஐயரவர்களே வாசித்துவிட்டார். அப்புறம் யார் அதை மாற்றுவது? தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். அதிலும் முகாம் என்ற வார்த்தை இல்லை.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அத்தை தன் மகனின் கிளவுஸைக் காணிக்கையாக வைத்தார். அவன் உழைப்பில் விளைந்தது அதுதானே என்றார். சரியான பேச்சு. எனக்கே கண் கலங்கியது.

ஏலம் எப்படிப் போனது என்கிறீர்கள்! பால்ராஜ் சார் அந்தக் கிளவுஸை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, நம் சபையின் மைந்தன், தேசத்தின் காவலன் என்றெல்லாம் பேசினார். டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் முன்வரிசைக்கு வந்திருந்தது. சங்கரன் ஏற்றினார், ராபின்சன் அண்ணாச்சி அதற்கு மேல் ஏற்றினார். பேட்டையில் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் நடுவில் புகுந்தார். அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வருஷமெல்லாம் அடுத்தவன் ஆள் எடுப்பதை வாய் பார்த்தவர்களுக்கு, தாங்களே ஒரு ஆளை எடுக்க ஒரு வாய்ப்பு.

கடைசியில் ராபின்சன் அண்ணாச்சிதான் எடுத்தார். கிளவுஸை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். மருந்துக்கடையில் இருமல் மருந்து வரிசைக்கு மேலே, கண்ணாடிக்குள் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், நம்ம பையன், அப்போதே தெரியும் என்பாராம்.

முகாமில் ஜெபசிங்கை யார் கழற்றிவிட்டார்கள், ஏன் என்று எனக்குத் தெரியாது. இருபது வயதுப் பையன் ஒருவனை மூன்றாவது கீப்பராக எடுத்தார்கள். மூன்றாவது கீப்பர் எப்படியும் ஆடப்போவதில்லை, பெஞ்சில் உட்காரத்தான் போகிறான். அந்தப் பெஞ்சுகூட இவருக்கு இல்லை. தேசிய அணியின் சட்டையை ஒரு நாள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தார். அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை.

எதிர்காலம்

அவர் ஊருக்கு வந்த சாயங்காலம். காபி போட்டுக் கொடுத்தேன். அடுப்படியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குடித்தார். கீழே சபை கூடியிருந்தது. அவர் வந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது.

"பயல எடுத்ததுதான் சரி வே," என்றது சங்கரன் குரல். "எதிர்காலத்தைப் பாக்கணும்லா. ஜெபசிங்க எடுத்து என்ன செய்ய? வெளிய ஏறி வந்து பந்தை எடுக்க மாட்டான். கோல் கோட்டுலயே நிக்கான்."

"நான் அப்பமே சொன்னேன்லா," என்றது ராபின்சன் அண்ணாச்சி குரல்.

எப்போது சொன்னாராம்? கிளவுஸை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோதா? நான் ஜன்னலைச் சாத்தப்போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"சங்கரன் சொல்லுதது தப்பில்ல," என்றார் மெதுவாக. "தோள்பட்டை நழுவுனதுக்கு அப்புறம் எனக்கு வெளிய ஏறப் பயமா இருக்கு."

வீட்டில் என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை அன்றைக்கு ஜன்னலுக்குக் கீழே இருந்தவனுக்குப் பதில்போலச் சொன்னார். நியாயமான விமர்சனம் என்று ஒன்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை ஏலத்துக்கு முன்னால் பேசியிருக்கலாமே? அன்று பூமாலை போட்டவர்கள் இன்று தராசு பிடிக்கிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த மாதமே அவருடைய கேரளத்து அணியும் புதுக் கீப்பர் ஒருவனை எடுத்துக்கொண்டு இவருக்குக் கைகுலுக்கி விடைகொடுத்தது. அந்தச் சேதியும் எனக்கு ஜன்னல் வழியாகத்தான் முதலில் வந்தது. நல்ல சைனிங், சரியான ஆளை எடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்கள்.

பல மாதம் வீட்டில் இருந்தார். ரேஷன் கடைக்குப் போனார், அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பந்து பேச்சே இல்லை. பிறகு மலப்புறம் பக்கமிருந்து ஒரு சின்ன அணியின் செயலாளர் கூப்பிட்டார். ஒரே ஒரு பருவம் வந்து ஆடிக்கொடுங்கள் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், முடிவாகச் சொல்லிவிடுங்கள் என்றார் அவர்.

நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் போக வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க ஜெபம் செய்தேன். பணத்துக்காக அல்ல. கோட்டிலேயே நின்றாலும் சரி, நின்று முடித்துவிட்டு அவராக வெளியே வரட்டும் என்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அறுப்பின் பண்டிகை.

மறு ஏலம்

"கையுறை ஒரு ஜோடி," என்று பால்ராஜ் சார் மறுபடியும் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ராபின்சன் அண்ணாச்சி மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். காலையில் அவர் சம்சாரம் ஒரு பாலித்தீன் பையைக் காணிக்கை மேசையில் வைத்ததைப் பார்த்திருந்தேன். பலகாரம் என்று நினைத்தேன். கண்ணாடி அலமாரியில் இடம் தேவைப்பட்டிருக்கும்.

ஆண்கள் பக்கம் பார்த்தேன். டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் இருந்தது, ஆனால் பின்வரிசையில். அன்றைக்கு ஐரோப்பாவில் ஆள் எடுக்கிற காலத்தின் கடைசி நாளாம். எல்லாத் தலையும் ஒரே போனுக்கு மேல் கவிழ்ந்திருந்தது. ராபின்சன் அண்ணாச்சி மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து மேசையைப் பார்த்துவிட்டு, திரும்பவும் குனிந்துகொண்டார். தெரியாமல் இருந்தார் என்று நான் நம்பவேண்டுமானால் அந்த ஒரு பார்வையை மறக்க வேண்டும்.

"ஆரம்பக் கேள்வி யாராவது கேளுங்க," என்றார் பால்ராஜ் சார். "கோவில் காரியம்."

தங்கையா எழுந்தார். ஆற்றங்கரையில் வாழை போட்டிருக்கிறவர். வருஷா வருஷம் ஒரு தார் கொண்டுவந்து வைப்பார். கால்பந்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"நான் கேக்கேன் சார்," என்றார். "தார் வெட்டும்போது கையில கறை படாம இருக்கும்லா."

தொகையைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பூசணிக்காய்க்குக் கீழே.

தங்கையா மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அந்தப் பந்தலில் அந்தக் கிளவுஸ் தேவைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"ஒரு தரம்," என்றார் பால்ராஜ் சார்.

பந்தலுக்கு வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தெருக்கோடி வரை கேட்கும். நான் சமையல் பக்கம் திரும்பினேன். ஜெபசிங் வருஷா வருஷம் அசனத்துக்குப் பரிமாறுகிறவர். கையில் சாம்பார் வாளியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கிளவுஸைப் பார்த்துவிட்டார். தங்கையாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு தரம்."

நான் எழுந்துவிட்டேன். அத்தை என் சேலையைப் பிடித்து இழுத்தார். பெண்கள் பக்கமிருந்து கேட்கிற வழக்கம் எங்கள் கோவிலில் அவ்வளவாகக் கிடையாது. கேட்டால் வீட்டு ஆண் கேட்க வேண்டும். வீட்டு ஆண் வாளியோடு நிற்கிறாரே!

சேவலுக்குக் கேட்டதைவிட ஏற்றிக் கேட்டேன். பால்ராஜ் சார் தங்கையாவைப் பார்த்தார். அந்த மனிதர் பதறிப்போய், டீச்சர் கேட்டால் நான் விலகிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. எனக்கு எதிராகக் கேட்க அந்தப் பந்தலில் ஒரு ஆள் இல்லை. யாராவது ஒருவர், மரியாதைக்காவது, ஒரு ரூபாய் ஏற்றியிருக்கலாம்.

"மூணு தரம். ரசீது யார் பேருக்கும்மா?"

"மிஸஸ் ஜெபசிங்," என்றேன்.

பால்ராஜ் சார் கையிலிருந்த கிளவுஸை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். மைக்கை வாயிலிருந்து விலக்கினார். பந்தலில் விசிறிகள் நின்றன. ராபின்சன் அண்ணாச்சி கைதட்ட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் மன்னிக்கப்போவதில்லை.

அது அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து சங்கரன் குரல் வந்தது. "கையெழுத்துப் போட்டுட்டான் வே." பெஞ்சு மொத்தமும் ஹோவென்று எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ ஒருவன் யாரோ ஒருவருக்கு ஆட ஒத்துக்கொண்டிருந்தான்.

கிளவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். போனுக்குப் பக்கத்தில். என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. உங்களை ஒருத்தி கேட்டு எடுத்திருக்கிறாள் என்று அவர் பார்க்கட்டும். பார்த்துவிட்டு ஆறு மணிக்குச் சரி என்று சொல்லட்டும்.

அவர் சாம்பார் வாசனையோடு வந்தார். கை கால் கழுவினார். மேசைக்கு வந்து இடது கிளவுஸை எடுத்து, நீல நூல் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மாட்டிக்கொள்ளவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தார்.

போன் அடித்தது.

"இல்ல சேட்டா," என்றார். "வேற ஆளப் பாருங்க." செயலாளர் வற்புறுத்தியிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பேசினால் அழுதுவிடுவேன் என்று பாத்திரத்தைக் கழுவப் போனேன். ஜன்னலுக்குக் கீழே பெஞ்சுகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அவர் அடுப்படி வாசல் வரை வந்து நின்றார்.

"எதுக்கு எடுத்த?" என்றார். "தங்கையா அண்ணாச்சி கைக்காவது ஒதவியிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.